நாயின் விசுவாசம் – விவிலியமும் திருச்சபை மரபும் காட்டும் ஒரு பார்வை



ஒருவரை நாம் மிகவும் தாழ்த்திப் பேச வேண்டுமானால் அவரை நாய் என்கிறோம். ஒருவரை மிகவும் நம்பகமானவர் என்று புகழ வேண்டுமானாலும் நாயைத்தான் உவமையாக எடுக்கிறோம். நன்றிக்கு நாய் என்பது நம் ஊர்களில் குழந்தைகளும் அறிந்த பேச்சு. ஒரே உயிரினம் வசைச்சொல்லாகவும் வாழ்த்துச் சொல்லாகவும் இருப்பது வியப்புக்குரியதுதான். திருவிவிலியத்தைத் திறந்தாலும் இதே இரண்டு குரல்களும் கேட்கின்றன. அவற்றுள் முதல் குரலே ஓங்கி ஒலிக்கிறது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

பழைய ஏற்பாட்டில் நாய் பெரும்பாலும் இழிவின் அடையாளம். சவுலின் முன்பு தாவீது தன்னைச் செத்த நாய்க்கு ஒப்பிட்டுத் தாழ்த்திக்கொள்கிறார். யோனத்தானின் மகன் மெபிபொசேத்தும் அவ்வாறே தாவீதின் முன் பேசுகிறார். அரசி ஈசபேலின் உடலை நாய்கள் தின்றன என்று அரசர்கள் இரண்டாம் நூல் கூறுகிறது. 22-ஆம் திருப்பாடலில் துன்புறும் நீதிமானைச் சூழ்ந்துகொள்ளும் பகைவர்கள் நாய்களாகவே காட்டப்படுகிறார்கள். புதிய ஏற்பாட்டிலும் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகமும் திருவெளிப்பாடும் இச்சொல்லைக் கடுமையாகவே பயன்படுத்துகின்றன.

இதற்கான காரணம் எளிது. அக்கால நகரங்களில் குப்பையையும் கழிவையும் அகற்ற ஏற்பாடு ஏதும் இல்லை. மதில்களுக்கு வெளியே எறியப்பட்டவற்றைத் தின்று வாழ்ந்தவை யாருக்கும் சொந்தமில்லாத நாய்க் கூட்டங்கள். அடக்கம் செய்யப்படாத சடலங்களையும் அவை விட்டுவைக்கவில்லை. சடலத்தைத் தொட்டாலே தீட்டு என்று வாழ்ந்த மக்களுக்கு, சடலத்தைத் தின்னும் விலங்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். ஆகவே விவிலியம் பழிப்பது பெரும்பாலும் இந்தத் தெருநாய்க் கூட்டத்தையே அன்றி, மனிதனோடு வேலை செய்த நாயை அன்று. மந்தை காக்கும் நாயை யோபு நூலின் 30-ஆம் அதிகாரம் இயல்பாகக் குறிப்பிடுகிறது. ஆடு மேய்த்த மக்கள் நாயின் துணையின்றி வாழவில்லை என்பதற்கு அதுவே சான்று.

தோபியாவுடன் நடந்த நாய்

இழிவுச் சொற்கள் நடுவே ஒரே ஒரு நாய் மட்டும் நல்ல பெயரோடு விவிலியத்தில் நடக்கிறது. அது தோபித்து நூலில் வருகிறது. இந்நூல் இணைத்திருமுறை நூல்களுள் ஒன்று என்பதால் பிற சபைச் சகோதர சகோதரிகளின் விவிலியத்தில் பொதுவாக இடம்பெறுவதில்லை. ஆகவே இந்த நாயைப் பற்றி அவர்களுள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நம்மவர்களிலும் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்!

நினிவேயில் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்த தோபித்து நேர்மையானவர். கைவிடப்பட்ட பிணங்களை அடக்கம் செய்த இரக்கமுள்ளவர். அவர் பார்வையை இழக்கிறார். கொடுத்து வைத்திருந்த பணத்தை வாங்கிவர மகன் தோபியாவைத் தொலைநாட்டுக்கு அனுப்புகிறார். வழித்துணையாக வருபவர் வானதூதர் இரபேல் என்பது தோபியாவுக்குத் தெரியாது. இருவரும் புறப்படும்போது நாயும் உடன் செல்கிறது. 11-ஆம் அதிகாரத்தில் அவர்கள் திரும்பி வரும்போதும் நாய் பின்னே வருகிறது. இடையில் அது என்ன செய்தது என்று ஒரு சொல்லும் இல்லை. மீன் பிடிக்கவில்லை, பேயை ஓட்டவில்லை, யாரையும் குணப்படுத்தவில்லை. அது உடன் சென்றது, உடன் திரும்பியது, அவ்வளவே.

இவ்வளவு சிறிய செய்தியை நூலாசிரியர் ஏன் விட்டுவிடாமல் எழுதினார் என்று அறிஞர்கள் பலவிதமாக விளக்கியிருக்கிறார்கள். புனித ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் இந்த நாய் இன்னும் சற்று உயிர்பெறுகிறது. வீடு நெருங்கியதும் அது முந்தி ஓடி, செய்தி கொண்டுவரும் தூதனைப் போல வாலை ஆட்டி மகிழ்ந்தது என்று அதில் காண்கிறோம். நாய் வளர்த்த எவருக்கும் அந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படாது. எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த மறைவல்லுநர் புனித பீடு, இந்த நாயை நற்செய்திப் பணியாளர்களின் அடையாளமாக விளக்கினார். தலைவரின் மந்தையைக் காத்து, அவர் வருவதை முன்கூட்டி அறிவிப்பவர்கள் அவர்கள் என்பது அவர் கருத்து.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இறைவாக்கினர் எசாயா (56:10-11) தம் காலத்துத் தலைவர்களைக் குரைக்க இயலாத ஊமை நாய்கள் என்று சாடுகிறார். அவர்கள் தூங்குவதிலும் தின்பதிலும் மட்டுமே ஆர்வம் கொண்டவர்களாம். இந்த வசையைக் கூர்ந்து நோக்குவோம். நாயாக இருப்பதற்காக அவர்கள் பழிக்கப்படவில்லை. நாயின் வேலையைச் செய்யாததற்காகவே பழிக்கப்படுகிறார்கள். திருத்தந்தை புனித பெரிய கிரகோரியார் மேய்ப்பர்களுக்காக எழுதிய நூலில் இப்பகுதியை எடுத்தாண்டார். ஜெர்மானிய நாடுகளின் திருத்தூதர் எனப்படும் புனித போனிபாஸ், ஓநாய் வரும்போது குரைக்காத நாய்களாக நாம் இருந்துவிடக் கூடாது என்ற பொருளில் கடிதம் எழுதினார். அவர் 754-இல் மறைசாட்சியாக இறந்தார்.

புனித சாமிநாதர் (தொமினிக்) பிறக்கும் முன்பு, எரியும் தீப்பந்தத்தை வாயில் கவ்விய நாய் ஒன்றை அவருடைய தாய் கனவில் கண்டார் என்பது மரபு. அதனால்தான் அவருடைய படங்களில் காலடியில் நாய் இருக்கிறது. அவருடைய சபையினரை ஆண்டவரின் நாய்கள் என்று இலத்தீன் சொல்விளையாட்டாக அழைத்தபோது, அவர்கள் அதைப் பெருமையாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

மேசையின் கீழும் வாசலிலும்

நற்செய்தியில் நாய் வரும் இரண்டு இடங்கள் நம் மனத்தைத் தைப்பவை. கானானியப் பெண்ணின் நிகழ்ச்சியை (மத் 15:21-28) வாசிக்கும்போது நம்மில் பலர் சங்கடப்படுகிறோம். பிள்ளைகளின் உணவை நாய்களுக்குப் போடுவது முறையா என்று இயேசு கேட்கலாமா என்பதே அந்தச் சங்கடம். இங்கே மூலமொழியான கிரேக்கத்தில் உள்ள சொல் தெருநாயைக் குறிக்கும் சொல் அன்று. அது சிறிய நாயை, வீட்டில் புழங்கும் நாய்க்குட்டியைக் குறிக்கும் சொல். அப்பெண் அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்கிறார். வீட்டு நாய்க்கு மேசையின் கீழ் இடம் உண்டு, சிந்தும் துண்டுகளில் அதற்குப் பங்கு உண்டு என்று பதில் தருகிறார். சொல்லின் கடுமை இதனால் முழுவதும் நீங்கிவிடுகிறது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் வீட்டு நாயை அறிந்த ஒருவரால்தான் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியும். ஆண்டவர் அவருடைய நம்பிக்கையைப் பெரிது என்று போற்றினார்.

மற்றொரு இடம் ஏழை இலாசரின் உவமை (லூக் 16:19-31). செல்வரின் வாயிலில் கிடந்த இலாசரின் புண்களை நாய்கள் வந்து நக்கின. இதை விளக்குவோர் இரு பிரிவாக நிற்கிறார்கள். நாய்கள் தொட்டது இலாசரின் இழிநிலையை இன்னும் கூட்டியது என்பார் சிலர். மனிதர் செய்யாத பணிவிடையை விலங்குகள் செய்தன என்பார் சிலர். எப்படிப் பார்த்தாலும், அந்த வாசலில் இலாசரை நெருங்கி வந்த உயிர்கள் அவை மட்டுமே. உள்ளே இருந்தவர் படி இறங்கவில்லை.

பனிமலையில் ஒரு துறவு விடுதி

நாயின் பணித்திறனும் கிறிஸ்தவ இரக்கமும் ஒன்றாகச் சேர்ந்த இடம் எது என்று கேட்டால், நாம் தயங்காமல் ஆல்ப்ஸ் மலையைக் காட்டலாம். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே உள்ள பெரிய புனித பெர்நார்து கணவாய் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,470 மீட்டர் உயரத்தில் உள்ளது. வட ஐரோப்பாவிலிருந்து உரோமைக்குச் சென்ற திருப்பயணிகளின் பழைய பாதை அது. குளிர்காலத்தில் பனி வீட்டின் மாடி அளவுக்குக் குவியும். வழி மறைந்துவிடும். பனிச்சரிவில் சிக்கியோரும், வழிப்பறிக் கொள்ளையரிடம் அகப்பட்டோரும் பலர். ஆவோஸ்தா நகரின் தலைமைத் திருத்தொண்டராக இருந்த மென்தோன் நகர்ப் புனித பெர்நார்து, ஏறத்தாழ 1050-இல் அங்கே ஒரு விடுதியை நிறுவினார். வருபவர் யார், எந்த நாட்டவர், எந்த மறையினர் என்று கேட்காமல் உணவும் இடமும் தருவதே அதன் நோக்கம். (கிளெர்வோ நகரின் புனித பெர்நார்து வேறு, இவர் வேறு.) புனித அகுஸ்தினாரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் அந்த விடுதியை நடத்தி வந்தார்கள். மலையேறுவோரின் பாதுகாவலராக இவரை 1923-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் அறிவித்தார். அவரே இளமையில் சிறந்த மலையேறுபவர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

நாய்கள் அந்த விடுதிக்கு வந்தது பிற்காலத்தில்தான், பதினேழாம் நூற்றாண்டில். முதலில் அவை வெறும் காவல் நாய்கள். சமையலறையில் இறைச்சி சுடும் கம்பியைச் சுழற்ற, சக்கரத்துக்குள் ஒரு நாயை ஓடவிட்டார்கள் என்றும் ஒரு பழைய குறிப்பு உண்டு. பிறகுதான் அந்த நாய்களுக்கு இருந்த வேறு ஒரு திறன் தெரியவந்தது. பயணிகளை அழைத்துவரச் செல்லும் பணியாளர்களோடு போன நாய்கள், பனிமூட்டத்தில் கைகூடத் தெரியாத வேளையிலும் பாதையைத் தவறவிடவில்லை. அகன்ற மார்பால் பனியைத் தள்ளி வழி உண்டாக்கின. பனிக்குள் புதைந்து கிடந்த மனிதரை மோப்பத்தால் கண்டுபிடித்து, கால்களால் தோண்டின. ஒரு நாய் குளிரில் விறைத்தவர் மேல் படுத்து உடல் வெப்பத்தைத் தரும், மற்றது விடுதிக்கு ஓடிவந்து ஆட்களை அழைத்துச் செல்லும் என்று சொல்லப்படுகிறது. தனிப் பயிற்சிப் பள்ளி எதுவும் இல்லை. இளைய நாய்கள் மூத்த நாய்களோடு போய்ப் போய்க் கற்றுக்கொண்டன. இரண்டு நூற்றாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 2,000 பேர் இவ்வாறு காப்பாற்றப்பட்டார்கள் என்பது மரபான கணக்கு.

அவற்றுள் புகழ்பெற்றது 1800-இல் பிறந்த பாரி. (பெயரைக் கேட்டதும் முல்லைக்குத் தேர் தந்த வள்ளல் நம் நினைவுக்கு வருவதில் தவறில்லை, பொருத்தம்தான்!) நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்களை அது காப்பாற்றியது என்பார்கள். நாற்பத்தோராவது மனிதன் அதை ஓநாய் என்று அஞ்சிக் குத்திக் கொன்றுவிட்டான் என்ற சோகக்கதை நெடுங்காலமாகப் பரவியிருக்கிறது. பாரிஸ் அருகே உள்ள நினைவுச்சின்னம் ஒன்றிலும் அது எழுதப்பட்டுள்ளது. அது உண்மையன்று. முதுமை வந்ததும் 1812-இல் அதைப் பேர்ன் நகருக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே இரண்டு ஆண்டுகள் ஓய்வாக வாழ்ந்து 1814-இல் இறந்தது. பதப்படுத்தப்பட்ட அதன் உடல் இன்றும் பேர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. கழுத்தில் சாராயப் பீப்பாய் தொங்கும் படமும் இப்படித்தான். ஆங்கில ஓவியர் லாண்ட்சீர் 1820-இல் வரைந்த ஓவியத்திலிருந்து அது பரவியது. குளிரில் விறைத்தவருக்குச் சாராயம் தருவது உடல் வெப்பத்தை மேலும் இழக்கச் செய்யும் என்று மருத்துவம் சொல்கிறது. உண்மையே போதுமான அளவு பெரிதாக இருக்கும்போது கதைகளைக் கட்ட வேண்டிய தேவை என்ன என்று நமக்குத் தோன்றுகிறது.

ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 1816 முதல் 1818 வரையிலான கடுங்குளிரில் விடுதியின் நாய்கள் பல பனிச்சரிவில் மடிந்தன. பின்னர் இனத்தைப் பெருக்க, அடர்ந்த நீண்ட முடியுள்ள நியூபவுண்ட்லாந்து நாய்களோடு கலந்தார்கள். குட்டிகள் பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் நீண்ட முடியில் பனிக்கட்டி உறைந்து, அவற்றை நடக்க முடியாமல் செய்தது. இன்று நாம் படங்களில் காணும் பெருத்த, முடி நிறைந்த நாயைவிடப் பாரி மிகவும் சிறியது, இலேசானது. அழகுக்காக வளர்ப்பதும் பணிக்காக வளர்ப்பதும் ஒன்றல்ல என்பதை அந்தத் துறவியர் அனுபவத்தில் அறிந்தார்கள்.

1964-இல் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. ஹெலிகாப்டர்களும் வந்தன. நாய்களின் வேலை குறைந்தது. துறவியரின் எண்ணிக்கையும் குறைந்ததால், 2005-இல் நாய்களைப் பராமரிக்கும் பொறுப்பை அடிவாரத்து மர்த்தினியில் தொடங்கப்பட்ட பாரி அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. கோடையில் அவை மேலே கணவாய்க்குக் கொண்டுவரப்படுகின்றன. விடுதி மட்டும் ஆண்டு முழுவதும் திறந்தே இருக்கிறது.

மோப்பம் என்னும் கொடை

இத்திறன் எங்கிருந்து வருகிறது? மனிதனின் மூக்கில் மணத்தை உணரும் செல்கள் ஏறத்தாழ 50 முதல் 60 இலட்சம். நாய்க்கு இருபது கோடிக்கு மேல். அது உள்ளிழுக்கும் காற்றில் ஒரு பகுதி மூச்சுக்கு என்றும், ஒரு பகுதி மோப்பத்துக்கு என்றும் தனியாகப் பிரிந்து செல்கிறது. வெளிவிடும் காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே வெளியேறுவதால், முன்னே உள்ள மணம் கலைவதில்லை. நாம் குழம்பு மணக்கிறது என்போம். நாய் அதில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே அறியும். பனிச்சரிவில் புதைந்தவர் முதல் பத்து நிமிடத்துக்குள் மீட்கப்பட்டால் பெரும்பாலும் பிழைக்கிறார். அரைமணி கடந்துவிட்டால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஆகவே அந்த மூக்கின் வேகம் ஓர் உயிரின் விலை. 2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, நம் நாட்டின் தேசியப் பேரிடர் மீட்புப் படையோடு சென்ற லாப்ரடார் நாய்கள், இடிபாடுகளுக்குள் உயிருடன் இருந்த ஆறு வயதுச் சிறுமியைக் கண்டுபிடிக்க உதவின.

வேறு வகைப் பணியும் உண்டு. தோபித்து நூலில் பார்வையற்ற தந்தையின் வீட்டிலிருந்துதான் நாய் புறப்பட்டது என்று பார்த்தோம். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களுக்கான முதல் பள்ளி, முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் தொடங்கப்பட்டது. மோரிஸ் பிராங்க் என்ற பார்வையற்ற அமெரிக்க இளைஞர் 1928-இல் சுவிட்சர்லாந்துக்குச் சென்று பட்டி என்ற நாயோடு பயிற்சி பெற்றுத் திரும்பினார். நியூயார்க் நகரின் நெரிசலான தெருவை, செய்தியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த நாயின் துணையால் கடந்து காட்டினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அத்தகைய பள்ளி தொடங்கியது.

இந்த நாய்களுக்குக் கற்பிக்கப்படும் பாடங்களில் மிகக் கடினமானது கீழ்ப்படிதல் அன்று, கீழ்ப்படியாமைதான்! முன்னே போ என்று தலைவர் கட்டளையிடுகிறார். எதிரே வண்டி வருவதோ பள்ளம் இருப்பதோ அவருக்குத் தெரியாது. அப்போது நாய் அசையாமல் நின்றுவிட வேண்டும். தலைவர் கோபித்தாலும் நிற்க வேண்டும். அவருடைய சொல்லை மீறுவது அவருடைய உயிருக்காக என்பதால், அது மீறலே ஆயினும் பற்றின் உச்சம். குடும்பத்திலோ பங்கிலோ மேலதிகாரிக்கு ஆமாம் போடுவதையே விசுவாசம் என்று எண்ணிக்கொள்பவர்கள் இந்தப் பயிற்சியைக் கொஞ்சம் பார்க்கலாம். எசாயாவின் ஊமை நாய்களும் ஒருவேளை கீழ்ப்படிந்துதான் இருந்திருக்கும்.

தொன் போஸ்கோவின் சாம்பல் நிற நாய்

இதற்கு ஒரு புனிதரின் வாழ்விலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1850-களில் தூரின் நகரில் தெருச்சிறுவர்களுக்காக உழைத்த புனித தொன் போஸ்கோவுக்குப் பகைவர்கள் பலர். இரவில் வால்தோக்கோவுக்குத் தனியே திரும்பும்போது அவரைத் தாக்க முயன்றார்கள். அவ்வேளைகளில் எங்கிருந்தோ ஒரு பெரிய சாம்பல் நிற நாய் வந்து அவரைக் காத்தது. சாம்பல் நிறம் என்று பொருள்படும் கிரீஜோ என்ற பெயரை அதற்கு வைத்தார். ஒருநாள் மாலை அவர் வெளியே புறப்பட்டபோது அது வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு விடவில்லை. தாய் மார்கரீத்தாவும் போகவேண்டாம் என்றார். சிறிது நேரத்தில் அண்டை வீட்டார் ஒருவர் ஓடிவந்து, வழியில் ஆட்கள் பதுங்கியிருப்பதாக எச்சரித்தார். தம் நினைவுக்குறிப்புகளில் இதை எழுதிய தொன் போஸ்கோ, அதை வானதூதர் என்று சொல்லவில்லை. அது யாருடைய நாய் என்றும் ஆராயவில்லை. தமக்கு அது இறைப்பராமரிப்பின் கருவி என்பதோடு நிறுத்திக்கொண்டார். அவருடைய சபையினர் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தபோது இக்கதையும் கூடவே வந்திருக்க வேண்டும். சலேசியப் பள்ளிகளில் படித்தவர்களுள் இதைக் கேட்டு வளர்ந்தவர் பலர்.

விசுவாசம் என்ற சொல்

நாய்க்கு விசுவாசம் உண்டு என்கிறோம். ஞாயிறு திருப்பலியில் நாம் அறிக்கையிடுவதை முன்பு விசுவாசப் பிரமாணம் என்றே அழைத்தோம். இன்றைய திருவழிபாட்டில் நம்பிக்கை அறிக்கை என்கிறோம். புதிய சொல் எளிது, நல்லது. ஆனால் பழைய சொல்லில் ஒரு பொருள் கூடுதலாக இருந்தது. கடவுள் இருக்கிறார் என்று ஏற்பதும், அவரை விட்டு அகலாதிருப்பதும் அதில் ஒன்றாக அடங்கியிருந்தன. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் நம்பிக்கைக்கான சொல் பற்றுறுதியையும் குறிக்கும். எபிரேயத்தில் நாம் சொல்லும் ஆமென் என்பதும் உறுதியைக் குறிக்கும் வேரிலிருந்து வந்ததே.

இத்தாலியில் நாய்களுக்கு வழக்கமாக வைக்கும் பீதோ என்ற பெயரும் விசுவாசமுள்ளவன் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அப்பெயர் கொண்ட ஒரு நாயைப் பற்றி இத்தாலியர் இன்றும் பேசுகிறார்கள். தொஸ்கானா பகுதியில் லூக்கோ என்ற சிற்றூர். செங்கல் சூளைத் தொழிலாளி கார்லோ சொரியானி, 1941-இல் சாலையோரப் பள்ளத்தில் அடிபட்டுக் கிடந்த நாயை எடுத்து வந்து குணப்படுத்தினார். ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்து பேருந்தில் திரும்பும் அவரை வரவேற்க அது நிறுத்தத்துக்கு வரும். 1943 டிசம்பர் 30 அன்று நடந்த குண்டுவீச்சில் சொரியானி இறந்தார். நாய்க்கு அது எப்படித் தெரியும்? 1958 ஜூனில் தான் இறக்கும்வரை, பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாக, அது நாள்தோறும் நிறுத்தத்துக்குப் போய், இறங்குவோரை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அது உயிரோடிருக்கும்போதே, 1957-இல், அருகிலுள்ள போர்கோ சான் லொரென்ஸோவில் அதற்குச் சிலை வைத்தார்கள்.

இதைப் புண்ணியம் என்று அழைக்கலாமா? புனித அக்குவினாசின் வழியில் சிந்திப்போர், விலங்குக்குத் தன்னுரிமையோடு தேர்ந்துகொள்ளும் மனமில்லை, அது இயல்பூக்கத்தால் நடக்கிறது என்பர். ஆகவே மனிதனின் பற்றுறுதிக்கும் நாயின் பற்றுறுதிக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் தன்மை வேறு. அது சரியே. ஆனாலும் அந்த இயல்பை வைத்தவர் யார் என்ற கேள்வி நிற்கிறது. நாயும் உரிமையாளரும் ஒருவரையொருவர் உற்றுப் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வளர்க்கும் அதே சுரப்புதான் அது. ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே 1914-இல் கண்டெடுக்கப்பட்ட, 14,000 ஆண்டுகள் பழமையான கல்லறையில் ஓர் ஆண், ஒரு பெண் இவர்களோடு ஒரு நாய்க்குட்டியும் புதைக்கப்பட்டிருந்தது. அது கடும் நோயில் வாரக்கணக்கில் கிடந்து பிழைத்திருந்தது என்று பற்கள் காட்டின. யாரோ அதைப் பேணியிருக்க வேண்டும். வேலைக்கு உதவாத நோயாளி நாய்க்குட்டியை!

நம் கடமை

பற்றுறுதி அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் வரவேண்டும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (2415-2418) இதில் தெளிவாகப் பேசுகிறது. விலங்குகள் கடவுளின் படைப்புகள், அவற்றிடம் நாம் கனிவாக நடக்கக் கடன்பட்டவர்கள். வேலைக்கும் துணைக்கும் அவற்றைப் பழக்கலாம். தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது. அதே பகுதியில் இன்னொன்றும் இருக்கிறது. ஏழைகளின் துயர் துடைக்கச் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும், மனிதருக்கே உரிய அன்பை அவற்றுக்குத் திருப்பிவிடுவதும் தகாது. 2022 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், பிள்ளைகளுக்குப் பதிலாக நாயும் பூனையும் என்று வாழ்வதைத் தன்னலம் என்று சொன்னபோது பலர் வருந்தினார்கள். அவர் நாயைக் குறை சொல்லவில்லை, பிள்ளையின் இடத்தைக் காலியாக்குவதையே குறை சொன்னார். நாய்களும் விண்ணகம் போகும் என்று அதே திருத்தந்தை ஒரு சிறுவனிடம் சொன்னதாக 2014 இறுதியில் உலகமெங்கும் செய்தி வந்தது. அது தவறான செய்தி. ஆனால் 2015-இல் அவர் வெளியிட்ட 'இறைவா, உமக்கே புகழ்' என்ற சுற்றுமடல், எல்லாப் படைப்புகளும் இறுதியில் மாற்றம் பெற்று நிறைவில் பங்கேற்கும் என்ற எதிர்நோக்கைப் பேசுகிறது. உரோமையர் 8-ஆம் அதிகாரமும் அதையே சொல்கிறது. அதற்கு மேல் விவரம் கேட்டால் நமக்கு வெளிப்படுத்தப்படவில்லை என்பதே பதில்.

நம் ஊர்களில் நிலைமை என்ன? குட்டியாக இருக்கும்போது கொஞ்சுகிறோம். வளர்ந்ததும் ஒரு முழச் சங்கிலியில் வெயிலில் கட்டுகிறோம். பெண் குட்டி என்றால் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருகிறோம். பிறகு தெருநாய் தொல்லை என்று மனுக் கொடுக்கிறோம். தொல்லை உண்மைதான். கடிபட்ட குழந்தையின் தாயிடம் போய் நாயின் நன்றியைப் பற்றி யாரும் பேச முடியாது. வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. 1885-இல் பாரிசில் லூயி பாஸ்டர் ஒன்பது வயது யோசேப்பு மைஸ்டருக்கு முதன்முதலில் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினார். அவர் பெயரால் குன்னூரில் 1907 முதல் ஒரு நிறுவனம் இயங்கி வருகிறது. ஆகவே கடித்தாலோ, புண்ணிலோ கீறலிலோ நக்கினாலோ, உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக்கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டு, எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். மந்திரித்துக் கயிறு கட்டுவது ஊசிக்கு ஈடாகாது. வெறிநாய்க்கடிக்கு எதிராகப் புனித ஹியூபர்ட்டின் பரிந்துரையை வேண்டுவது ஐரோப்பாவில் பழைய பக்தி. வேண்டுவோம், ஊசியும் போடுவோம்.

சனவரி 17 அன்று வனத்து அந்தோணியார் திருநாளில் ஆடுமாடுகளை ஆசீர்வதிக்கும் வழக்கம் நம் பங்குகள் பலவற்றில் உண்டு. மாட்டின் கொம்புக்கு வண்ணம் பூசி அழைத்து வருகிறோம். வாசல் காக்கும் நாயை யாரும் கூட்டி வருவதில்லை. கூட்டி வரத் தடையேதும் இல்லை, திருச்சபையின் ஆசி நூலில் எல்லா விலங்குகளுக்கும் பொதுவான செபமே இருக்கிறது. நல்ல கயிறாகக் கட்டி, முன்னதாகவே கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு அழைத்து வந்தால் பங்குத்தந்தைக்கும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் பயமில்லை.